கை சொல்லும் சூடு

அன்றைக்கும் ரொட்டி காலை வாரிவிட்டது. அச்சைக் கவிழ்த்துத் தட்டிய முதல் ரொட்டி மேசைமேல் விழுந்த சத்தத்திலேயே ரொட்டிக்காரருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. நல்ல ரொட்டி விழுந்தால் சத்தமே கேட்காது. இது தொப்பென்று விழுந்தது. முதுகு எழும்பாமல், ஓரமெல்லாம் இறுகி, கையில் எடுத்தால் செங்கல் கனம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தான்.

"நீ மாவைப் பிசைஞ்சியா, இல்ல தட்டிக் குடுத்துத் தூங்க வெச்சியா?"

"பிசைஞ்சேண்ணே. தோள்பட்டை ரெண்டும் கழண்டு வர்ற மாதிரி இருக்கு."

"அப்ப மாவுதான் பொய் சொல்லுது. நீ யோக்கியன்."

"மாவு கைக்குச் சூடா இருந்துச்சு. போன தடவையும் சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல."

"குளிர்ல வெறச்ச கையை வெச்சா எல்லாமே சூடாத்தான் தெரியும். அடுப்புக்கிட்ட நின்னு கையைக் காய வெச்சுட்டு வந்து பேசு."

ரொட்டிக்காரரின் மனைவியான டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே பின்கட்டுக் கதவருகே வந்து நின்றாள். வீட்டின் பின்பாதிதான் பேக்கரி. முன்பக்கம் தெருவைப் பார்த்த கடை, நடுவில் இரண்டு அறை, பின்னால் இந்த அடுப்பும் மேசையும் மாவு மூட்டைகளும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புடவையில் கொஞ்சமாவது மாவு ஒட்டாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. பிள்ளைகள் அதை ஊதிவிட்டு விளையாடுவார்கள்.

வேலைப் பங்கீடு இந்த வீட்டில் சட்டம் மாதிரி. தண்ணீர் பதம் பார்ப்பது, ஈஸ்ட்டைக் கரைப்பது, அடுப்பைப் பார்ப்பது மூன்றும் அண்ணன். பிசைவது, உருட்டுவது, மூட்டை தூக்குவது எல்லாம் தம்பி. தண்ணீர்ப் பேசின் பக்கம் தம்பி விரலை நீட்டினால் அண்ணன் கரண்டியால் தட்டிவிடுவார். ரொட்டியின் உயிரே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறதாம், அதைக் கண்டவன் கையில் விட முடியாதாம். அவர் கைமேல் எல்லோருக்கும் அப்படி ஒரு மரியாதை. அதிலும் இந்த வருஷம் அடுப்பிலிருந்து இறக்கிய தட்டைத் துணிகூடப் பிடிக்காமல் வெறும் கையால் தூக்கி வைப்பார். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "கையா இது, இரும்பா?" என்பார்கள். "அடுப்புக் கை" என்று சிரிப்பார்.

குளிர் தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. தினமும் இல்லை. ஒருநாள் ரொட்டி பூப்போல வரும், மறுநாள் பாறை. மாவை மாற்றியாயிற்று. ஈஸ்ட்டை மாற்றியாயிற்று. மாற்றாமல் மிச்சமிருப்பது தம்பி ஒருவன்தான்.

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்," என்றார் ரொட்டிக்காரர். சத்தம் போடாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. "அதுக்கப்புறமும் இப்படித்தான்னா, நீ வேற எடம் பார்த்துக்க. பிசையறதுக்கு ஆள் சொல்லி வெச்சுட்டேன்."

தம்பி கையிலிருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தான். அப்பா போன பிறகு இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி. அவனுக்கு இந்த அடுப்பை விட்டால் வேறு இடம் எதுவும் தெரியாது என்று அண்ணனுக்கும் தெரியும்.

"என்னங்க, ஒரு கோவத்துல..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"கோவமில்ல டீச்சரம்மா. கணக்கு. எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு, ஒண்ணைத் தவிர. நீதானே பிள்ளைங்களுக்கு இப்படித்தான் யோசிக்கணும்னு சொல்லுவே?"

அவளுக்குச் சுருக்கென்றது. இன்றைய ரொட்டி ஒன்றையும், முந்தின நாள் நன்றாக வந்த ரொட்டி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஏன் எடுத்துக்கொண்டோம் என்று தெருமுனைக்குப் போகும்வரை அவளுக்கே தெரியாது.

டீச்சரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு புகார் உண்டு: அவள் பாடமே நடத்துவதில்லை. ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் அவள்தான், எதையும் சொல்லித் தர மாட்டாள். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் என்ன வரும் என்று எழுதிப் போடாமல், ஆளுக்கொரு காகித முக்கோணத்தை வெட்டச் சொல்லி, முனைகளைக் கிழித்து ஒட்டிப் பார்க்கச் சொல்வாள். யார் எப்படி வெட்டினாலும் மூன்று முனையும் சேர்ந்து நேர்கோட்டில் நிற்கும். வகுப்பே "ஓ" என்று கத்தும். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும். சரித்திரம் என்றால் பள்ளிக்கூடத்துச் சுவரில் எந்தச் செங்கல் பழையது, எது புதியது என்று தேடவிட்டு, கட்டடம் எந்தப் பக்கமாக வளர்ந்தது என்று அவர்களையே சொல்லவைப்பாள். இலக்கணத்துக்கும் அதே கதைதான். வார்த்தைகளைக் குவித்துப் போட்டு, எதெது ஒரே சாதி என்று பிரிக்கச் சொல்வாள். விதியை அவர்கள் சொன்ன பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாள்.

எல்லாம் சுபமாக முடியும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை வகுப்பே சேர்ந்து, உச்சி வெயிலில் நிழல் காலடியில் படுத்துத் தூங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்குச் சாட்சியும் வைத்துக்கொண்டு நின்றது. அதை மாற்றுவதற்குள் டீச்சருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார்:

"ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போறதை ஏம்மா ரெண்டு நாள் இழுக்கறீங்க?"

"சொன்னா ஒத்துக்குவாங்க மேடம். கண்டுபிடிச்சா நம்புவாங்க."

"நல்லா பேசறீங்க. பரீட்சையில அதை எழுத முடியாதே."

வீட்டிலும் இந்தப் பழக்கம் போகவில்லை. "உப்பு எங்க?" என்று கேட்டால் "எங்க இருக்கும்னு நினைக்கறீங்க?" என்பாள். "உங்கிட்ட வழி கேட்டா ஊரையே சுத்திப் பார்த்துட்டுத்தான் வீடு சேரணும்" என்பார் புருஷன்.

அன்றைக்கு அவள் இரண்டு ரொட்டியையும் மேசைமேல் வைத்தாள். ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே ஆளுங்க. இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி?"

வழக்கமாகப் பதில் தெரிந்துகொண்டு கேட்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கும், பிள்ளைகள் அந்தச் சிரிப்பைப் பார்த்தே பாதி ஊகிப்பார்கள். இன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை. முதல் பெஞ்சுச் சிறுமி ஒருத்தி அதைக் கவனித்துவிட்டாள். எதற்கும் "எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பதால் அவளுக்குப் பெயரே சந்தேகம் என்றாகிவிட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். உங்களுக்கே இது தெரியாதா?"

"தெரியாது."

"நெஜமாவா?"

"சத்தியமா."

வகுப்புக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சருக்குத் தெரியாத ஒன்று! அவரவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். மாவில் எறும்பு விழுந்திருக்கும். அடுப்பு அணைந்திருக்கும். அவசரம் என்று பெயர் வாங்கிய பையன், "ரொட்டிக்காரர் ரொட்டி மேல உக்கார்ந்துட்டாரு" என்றான். கடைக்காரர் மகள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"ரொம்பக் குளிர்ற அன்னிக்குத்தான் எங்க கடைக்குக் கல்லு வருது. மழை பெஞ்சு புழுக்கமா இருந்த அன்னிக்கு நல்ல ரொட்டி வந்துச்சு. எங்கப்பாகூட சொன்னாரு."

"அப்ப குளிர்தான்!" என்றான் அவசரம். "முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? எப்படித் தெரியும்?" என்றாள் டீச்சர். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவள் பழைய டீச்சராகிவிட்டாள்.

மறுநாள் மூன்று பாட்டில் வந்தது. மூன்றிலும் ஒரே அளவு சர்க்கரை, ஒரே அளவு ஈஸ்ட். ஒன்றில் வெளியே வைத்திருந்த சில்லென்ற தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பானது, ஒன்றில் தலைமையாசிரியை அறையின் டீக் கெட்டிலிலிருந்து வாங்கி வந்த கொதிநீர். மூன்றின் வாயிலும் ஒவ்வொரு பலூனை மாட்டினார்கள். பிறகு கணக்கு நடந்தது, ஆனால் கணக்கில் யாருக்கும் கண் இல்லை. வெதுவெதுப்புப் பாட்டிலின் பலூன் மெதுவாகத் தலைதூக்கி, ஆடி, நிமிர்ந்து நின்றது. ஒருத்தி அதற்கு வணக்கம் சொன்னாள். சில்லென்ற பாட்டிலின் பலூன் அப்படியே தொங்கியது.

"பார்த்தீங்களா, குளிர்தான்!" என்று குதித்தான் அவசரம்.

"இரு, இரு," என்றாள் சந்தேகம்.

சாப்பாட்டு வேளை முடிந்து வந்து பார்த்தால், வெயில் ஏற ஏற அந்தக் குளிர்ப் பலூனும் சோம்பேறித்தனமாக எழுந்துகொண்டிருந்தது. கொதிநீர்ப் பலூன் மட்டும் அசையவே இல்லை. பாட்டிலை வெயிலில் வைத்தார்கள், நிழலில் வைத்தார்கள், குலுக்கினார்கள். செத்தது செத்ததுதான்.

"குளிர்ல அது தூங்குது. சூட்டுல செத்துப்போகுது," என்றாள் கடைக்காரர் மகள்.

"ஆனா குளிர்ற அன்னிக்குத்தானே ரொட்டி கெட்டுப்போகுது?" என்றாள் சந்தேகம். "அப்ப நேர் எதிரால்ல இருக்கு?"

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. டீச்சருக்கு இந்த அமைதி என்றால் உயிர். முப்பது தலைக்குள் ஒரே நேரத்தில் ஏதோ நடக்கிற சத்தம் அது. அவளும் அந்த அமைதிக்குள் நின்றுகொண்டு யோசித்தாள். கடைசியில் சந்தேகம்தான் வாயைத் திறந்தாள்.

"குளிர்ற அன்னிக்கு எங்கம்மா குளிக்கறதுக்குச் சுடுதண்ணி நெறைய ஊத்துவாங்க. ரொட்டிக்கும் அப்படி ஊத்துவாங்களோ?"

அன்று சாயங்காலம் புருஷன் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, ஈஸ்ட்டுக்குத் தண்ணி எவ்வளவு சூடு வெப்பீங்க?"

"ஏன், பள்ளிக்கூடத்துல ரொட்டிக்கடை போடறீங்களா?"

"பிள்ளைங்க கேட்டாங்க."

"வெதுவெதுப்பு. கைக்குழந்தையைக் குளிப்பாட்டற பதம். பச்சைத் தண்ணியில அடுப்பு அண்டாத் தண்ணியைக் கலந்துக்கிட்டே வருவேன், கை போதும்னு சொல்லும்போது நிறுத்துவேன். இத்தனை வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல."

மாடியறைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி படியிலேயே நின்றான். அவனும்கூட, "தண்ணியில அண்ணன் தப்பு பண்ண மாட்டாரு அண்ணி" என்றான். வேலையை விட்டுப் போகப்போகிறவன் சொல்கிறான், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? டீச்சரும் அந்தக் கையை அறிந்தவள்தான். காய்ச்சலில் அவள் நெற்றியில் வைத்து "நூத்தி ரெண்டு" என்று அந்தக் கை சொன்னால் நூற்றிரண்டாகத்தான் இருக்கும்.

அதனால் மறுநாள் வகுப்பில் அவள் ஒரு காரியம் செய்தாள். இத்தனை காலத்தில் செய்யாதது.

"தண்ணியை நான் விசாரிச்சுட்டேன். அது சரியாத்தான் இருக்கு. அதை விட்டுட்டு வேற யோசிங்க."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். கரும்பலகையில் எழுதியிருந்த 'தண்ணீர்' என்பதை அவசரம் ஓடிப்போய் அழித்தான். சந்தேகம் மட்டும் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தாள்.

"என்னம்மா?"

"இல்ல டீச்சர்... நாம பார்க்கலையே?"

"கேட்டாச்சே."

"கேட்டதுதானே. பார்க்கலையே."

டீச்சருக்கு முகம் சூடாகிவிட்டது. சின்னப் பெண், மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் உறைத்தது. இதே கேள்வியைத் தானே ஆயிரம் தடவை இவர்களிடம் கேட்டிருக்கிறாள். புருஷன் சொன்னார் என்றவுடன் புத்தி எங்கே போயிற்று?

"சரி," என்றாள். "எழுதினதை அழிச்சது தப்பு. திரும்ப எழுதுப்பா. சனிக்கிழமை காலையில வரமுடிஞ்சவங்க எங்க வீட்டுக்கு வாங்க. பார்த்துடலாம்."

சனிக்கிழமை வாயைத் திறந்தால் புகை வந்தது, அப்படி ஒரு குளிர். முதல் ஈடு ரொட்டி விடியலிலேயே வந்துவிட்டிருந்தது, பாறையாக. ரொட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். தம்பி மாடிக்குப் போய்த் துணிகளை ஒரு பையில் அடைத்து எடுத்துவந்து படிக்கட்டின் கீழே வைத்தான். "இன்னைக்கு ரெண்டாவது ஈட்டையும் பிசைஞ்சு குடுத்துட்டுப் போறேன்" என்று அண்ணியிடம் சொன்னான். டீச்சருக்கு அழுகை வந்தது. அப்போது பார்த்துத் தெருவில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கண்டதும் ரொட்டிக்காரருக்கு முகம் மாறிவிட்டது. அவர் அப்படித்தான், வீட்டில் எத்தனை புயல் அடித்தாலும் விருந்தாளிக்குச் சிரிப்பார். மேசையைத் துடைத்து, எல்லோரையும் சுற்றி நிறுத்தி, மூட்டைக்குள் கைவிட்டு மாவை அள்ளிக் காட்டினார். அடுப்புக் கதவைத் திறந்து ஒரு தட்டை வெறும் கையால் இழுத்து வெளியே வைத்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"மாமா, சுடலையா?"

"அடுப்புக் கைடா இது!"

டீச்சரும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அவர் பேசினில் பச்சைத் தண்ணீர் பிடித்தார். அடுப்பை ஒட்டியிருந்த அண்டாவிலிருந்து ஒரு ஜக்கு மொண்டு ஊற்றினார். இடது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவினார். இன்னொரு ஜக்கு. துழாவினார். இன்னொன்று. அந்தக் குளிரில் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்தும்கூட ஆவி வரும், அதனால் பேசினைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

"குளிர் நாள்ல பச்சைத் தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கும். அதனால அண்டாத் தண்ணி கூடுதலா வேணும். கை சொல்ற வரைக்கும் ஊத்தணும்," என்றார். கடைசியாக ஒரு ஜக்கு ஊற்றிவிட்டுக் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு தலையாட்டினார். "இதோ. இதான் வெதுவெதுப்பு."

"எனக்கு ஒரு சந்தேகம். தொட்டுப் பார்க்கட்டுமா மாமா?"

"தாராளமா."

சந்தேகம் இரண்டு விரலை விட்டாள். விட்ட வேகத்தில் "ஆ" என்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சுடுது!"

"பூ மாதிரி கை. உனக்கு அப்படித்தான் இருக்கும்," என்று சிரித்தார் ரொட்டிக்காரர். அவர் கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. "டேய், நீ வெச்சுப் பார்த்துச் சொல்லு."

தம்பியைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேசினில் கைவைக்க அவனுக்குக் கிடைத்த முதல் அனுமதி. தம்பி கையை விட்டான். தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சாதாரணமாக, கொஞ்சம் பெருமையாகக்கூட, சிரித்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் அவர் கை செக்கச்செவேலென்று இருந்தது.

"சரியாத்தான் இருக்குண்ணே," என்றான் தம்பி. "வெதுவெதுப்பா இருக்கு."

டீச்சர் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இவன் வீட்டில் இருப்பான். பொய் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். பொய் சொல்கிறான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. போன மாதம் ஒற்றைச் செருப்போடு தெருவில் நடந்து வந்தாரே, எங்கே கழன்றது என்றே தெரியாமல். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாரே. எல்லோரும் கைதட்டிய அந்த அடுப்புக் கை. அது பழகிப்போன கை இல்லை. செத்துக்கொண்டிருக்கிற கை.

"இல்ல, சின்ன மாமா பொய் சொல்றாரு!" என்று கத்தினான் அவசரம். "அவரு துள்ளினதை நான் பார்த்தேன்! டீச்சர், தண்ணிதான்! கண்டுபிடிச்சாச்சு!"

பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். பெரியவர்கள் மூன்று பேரும் சும்மா நின்றதைப் பார்த்ததும் அந்தச் சத்தம் பாதியிலேயே தேய்ந்துவிட்டது. ரொட்டிக்காரரின் சிரிப்பு முகத்திலேயே தங்கி, ஆனால் உள்ளே யாரும் இல்லாமல் போனது. தம்பியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லு. சுடுதா?"

என்ன கேட்டாலும் திருப்பிக் கேட்கிறவள் அன்றைக்குத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் பேசினுக்குள் கையை விட்டாள். வைத்திருக்க முடியவில்லை. எடுத்துவிட்டு, அவர் கையையும் பிடித்து வெளியே இழுத்தாள்.

"சுடுதுங்க. ரொம்பச் சுடுது. வைக்க முடியல."

அவர் தன் கையைத் தூக்கி, வேறு யாருடையதோ போலப் பார்த்தார். விரல் நுனிகளில் ஏற்கெனவே பொசுங்கிய தழும்புகள், புதிதும் பழையதுமாக. அவற்றை அவர் தொழில் தந்த அடையாளம் என்று நினைத்திருந்தார். நாங்கள் எல்லோரும்தான் நினைத்திருந்தோம் என்று டீச்சர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சந்தேகம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நாம தப்பு பண்ணிட்டோமா?"

"இல்லடா கண்ணு. சரியாக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"அப்ப ஏன் அழறீங்க?"

நல்லவேளை, ரொட்டிக்காரர் பேசினார்.

"அவங்க கெடக்கறாங்க. வேலை இன்னும் முடியலையே? கண்டுபிடிச்சா போதுமா, சரியான்னு பார்க்க வேணாமா?" அவர் பேசினைச் சாய்த்து அந்தத் தண்ணீரைக் கொட்டினார். "புதுசாத் தண்ணி பிடிடா," என்றார் தம்பியிடம். "பதம் நீ பாரு."

தம்பி தண்ணீர் பிடித்தான். ஒரு ஜக்கு அண்டாத் தண்ணீர் ஊற்றித் துழாவினான். பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கைவைக்கச் சொன்னான். "கொஞ்சம் பத்தாது" என்றது ஒன்று. "எனக்குப் போதும்" என்றது ஒன்று. சந்தேகம் இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஈஸ்ட் கரைந்தது. சிறிது நேரத்தில் பேசின் முழுக்க நுரை கட்டியது. பிள்ளைகள் குனிந்து, அது உயிரோடு இருக்கிறதா என்று மூக்கை நீட்டிப் பார்த்தார்கள். தம்பி பிசைந்தான். ஈரத்துணி போட்டு மூடி அடுப்புப் பக்கத்தில் வைத்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் டீச்சர் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். துணி மெல்ல மெல்ல மேலே எழும்பியதைப் பார்த்துத்தான் அவசரம் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

ரொட்டி வந்தது. மேசைமேல் கவிழ்த்தபோது சத்தமே கேட்கவில்லை. ஆளுக்கொரு துண்டைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கிளம்பினார்கள். வாசல்வரை போன சந்தேகம் திரும்பி வந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். மாமாவுக்கு ஏன் சுடல?"

"அதை டாக்டர்கிட்டக் கேட்கப் போறோம்," என்றாள் டீச்சர். "உடம்புல சர்க்கரை ஏறினா இப்படி ஆகும்னு கேள்விப்பட்டிருக்கேன். சரியாத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"நீங்களே சொல்லிடுவீங்களா?"

"இதைச் சொல்லிடறேன்."

எல்லோரும் போன பிறகு பேக்கரி ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. ரொட்டிக்காரர் மேசையோரத்தில் உட்கார்ந்து, இன்னும் சூடு ஆறாத தட்டின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினார். பிறகு அந்த விளிம்பையே கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி விரலை. பிள்ளைகளைப் போலவே, முகத்தைச் சுளித்துக்கொண்டு, சிரத்தையாக.

"டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம். கேட்டுட்டேன்," என்றாள் டீச்சர்.

"சரி." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எங்க வரைக்கும் போயிருக்குன்னு தெரியலையே" என்றார்.

தம்பி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். அண்ணனின் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்தான். அந்தக் கையை அவன் இப்படி எடுத்து வைத்துக்கொண்டது சின்ன வயசுக்குப் பிறகு இப்போதுதான் இருக்கும்.

"கண்ணை மூடிக்கங்க. நான் தொடறேன். தெரிஞ்சாச் சொல்லுங்க."

ரொட்டிக்காரர் கண்ணை மூடினார். தம்பி ஆள்காட்டி விரல் நுனியில் அழுத்தினான்.

"இப்ப?"

"தொட்டுட்டியா?"

"ம்."

"இல்ல."

உள்ளங்கையில் அழுத்தினான். "இப்ப?"

"இல்லடா."

மணிக்கட்டு. அதுவும் இல்லை. டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு ஓடிப்போய் விடலாம் போலிருந்தது, நகரவும் முடியவில்லை. தம்பியின் விரல் மெல்ல மேலே போயிற்று. மணிக்கட்டைத் தாண்டி ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. ஒவ்வொரு இடத்திலும் நின்று, அழுத்தி, காத்திருந்து.

"இப்ப?"

ரொட்டிக்காரரின் புருவம் சுருங்கியது.

"ஏதோ தூரத்துல... இரு. இன்னும் கொஞ்சம் மேல வா."

"இப்ப?"

"ஆங். தெரியுது." மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் வந்து நின்றது. "உன் கை சில்லுனு இருக்குடா."

தம்பி கையை எடுக்கப் போனான்.

"எடுக்காதடா," என்றார் அண்ணன். "அங்கேயே வெச்சிரு."